வாரத்துக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு

பேராவூரணி
வியாழக்கிழமை பகல்

அன்பு மகன் முபாரக்குக்கு வாப்பா சொல்லச் சொல்ல தஹ்மீனா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். குவைத் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இங்கே நாங்கள் இருக்கிறோம். (அடைப்புக்குள் பேசுவது தங்கச்சி நான், காக்கா. நலமாக இருக்கிறோம் என்று போடட்டுமா என்று கேட்டேன், இருக்கிறோம் வரைக்கும் போதும் என்கிறார்.) தேங்காய் உரிக்கிற கம்பி என் வலது பெருவிரலில் ஏறிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறேன், அதனால்தான் உன் தங்கச்சியின் கையெழுத்து, வேறொன்றும் இல்லை, அதற்காகப் பதறிப் போன் பண்ணாதே. (கட்டைப் பார்த்தால் விரலா இளநீரா என்று சந்தேகம் வரும், நாலு பேர் ஸ்ட்ரா கேட்டார்கள்.) போனில் சொல்ல முடியாத சங்கதி ஒன்று இருக்கிறது, உன் உம்மாவுக்கு இப்போதெல்லாம் போன் ஸ்பீக்கரில் ஓடினால்தான் திருப்தி, இந்த வீட்டில் மெதுவாகப் பேசினால் உடனே என்ன என்று கேட்கிறாள். அடுத்த தெரு ரசியா பேகத்தின் மகன் சனிக்கிழமை அங்கே வருகிறான், அவன் பெட்டியில் இதை வைத்துவிடுகிறேன். உம்மா உள்ளே தூங்குகிறாள். நேற்று பட்டுக்கோட்டையில் டயாலிசிஸ், மறுநாள் முழுக்கப் பிழிந்து காயப்போட்ட துணி மாதிரிதான் கிடப்பாள், சாயங்காலம் எழுந்து ஒரு வாய் தண்ணீர் கேட்பாள், அதையும் அளந்துதான் கொடுக்க வேண்டும்.

ஏப்ரலில் தஞ்சாவூர் டாக்டர் சொன்னது உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். உன் உம்மா லத்தீஃபாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, வேறொன்று வைக்க வேண்டும், உனக்கு இந்த வயசிலேயே சர்க்கரை, உன் கூடப்பிறந்த நுஸைபாவுக்கு வயிற்றில் பிள்ளை, தஹ்மீனாவுக்குப் பதினாறு, மீதி நான் ஒருத்தன்தான். (நானும் கேட்டுப் பார்த்தேன் காக்கா, பதினெட்டு ஆகணுமாம். ஓட்டுக்கும் கிட்னிக்கும் ஒரே வயசு வைத்திருக்கிறார்கள்.) ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது, தொண்ணூற்று நாலு கிலோதான் பொருந்தவில்லை. எண்பத்திரண்டுக்கு வாங்க, அப்புறம் கத்தியை எடுக்கிறேன், இந்த உடம்போடு எடுத்தால் உங்களையும் சேர்த்துப் படுக்கவைத்த மாதிரி ஆகிவிடும் என்றார். அங்கே சாப்பாட்டு ஆலோசனைக்கு விண்ணரசி என்று ஒரு பெண் இருக்கிறாள், நுஸைபா வயசுதான். அவள் ஐயா நீங்க ஒவ்வொரு நாளாப் பார்த்துப் பயப்படாதீங்க, வாரத்தை மொத்தமாப் பாருங்க என்றாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி, ஏழு நாளைக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு. ஒரு கல்யாணத்தில் எண்ணூறு கூடிப் போய்விட்டால் மறுநாள் பட்டினி கிடக்கக் கூடாது, மிச்சம் ஆறு நாளிலும் நூற்று முப்பது நூற்று முப்பதாகக் குறைத்துக்கொண்டால் போதும், அது ஒரு தோசைதான் என்றாள். எனக்கு அது அங்கேயே பிடித்துப்போயிற்று. புது ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரிதானே, தலைமடைக்காரன் மொத்தத்தையும் பாய்ச்சிக்கொண்டால் கடைமடையில் வாய்க்கால் காயும், இதைப் பேராவூரணிக்காரனுக்கு வந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் தினமும் எழுதினேன். முதல் மாதம் மூன்று கிலோ இறங்கியது, பொய்யில்லை. அப்புறம் எனக்குப் புத்தி அதிகமாகிவிட்டது. திங்களும் வியாழனும் நோன்பு வைத்தேன், அதில் மிச்சமானதை வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் திருப்பிவிட்டேன். நோன்பு திறக்கும்போது கஞ்சி, கஞ்சிக்கு வடை, வடைக்குச் சட்னி, பட்டினி கிடந்த வயிறு அது கேட்டதையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. (கலோரி என்று பெயர் வைத்தவனுக்கு நம் வாப்பாவைத் தெரிந்திருக்கிறது, பின்னால் லாரி வருகிற மாதிரியே வைத்திருக்கிறான்.) விண்ணரசியிடம் போய்ச் சொன்னேன், அவள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண், நோன்பை அல்லாவுக்கு வைங்க ஐயா, எடைக்கு வைக்காதீங்க என்று என்னைத் திட்டினாள். சரிதான் என்று தலையாட்டினேன். ஆனால் ஹஜ் முடிந்த கையோடு கல்யாணங்கள் வந்து வரிசை கட்டிவிட்டன, ஐந்து வாரத்தில் ஒன்பது. போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்பார்கள், போய்ச் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக்கு என்ன என்பார்கள், உன் உம்மா ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள்.

நம் கல்யாணத்தில் தனித்தட்டு ஏது. ஒரு சஹனைச் சுற்றி மூன்று பேர், நடுவில் குவித்த நெய்ச்சோறு, அதன் மேல் கறி, ஓரத்தில் தாளிச்சா, அப்புறம் வட்டலப்பம். விண்ணரசியிடம் ஒரு சஹனுக்கு எவ்வளவு கலோரி என்று கேட்டேன், அவள் சஹனைக் கண்ணால் பார்த்ததில்லை, போட்டோ காட்டினேன், ஐயா இது ஒரு குடும்பத்துக்கா என்றாள். பிறகு ஒரு மொத்தம் சொன்னாள். நான் அதை மூன்றால் வகுத்து எழுதினேன். அங்கேதான் நான் விழுந்தேன் முபாரக். ஃபாஜில் வீட்டுக் கல்யாணத்தில் என்னோடு உட்கார்ந்தது ஒரு பக்கம் லியாகத் அலி மாமா, அவருக்கு எண்பத்தொரு வயசு, வாயில் பல் இரண்டு, இன்னொரு பக்கம் மாப்பிள்ளையின் தம்பி, அவன் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு சோற்றைத் தடவிக்கொண்டிருந்தான். நான் கையை எடுத்தால் மாமாவும் கூச்சப்பட்டுக் கையை எடுத்துவிடுவார், ஒரு சஹனில் முதலில் கை எடுக்கிறவன் மற்றவர் பசியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறான், அது நமக்குப் பழக்கமில்லை. அவர் மென்று முடிக்கிற வரைக்கும் சும்மா கையை வைத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன், கை சும்மா இருக்கவில்லை. காலண்டரில் மூன்றில் ஒன்று என்று எழுதினேன், வயிற்றில் மூன்றில் இரண்டு இருந்தது. ஒன்பது சஹனும் அப்படித்தான். தாளில் வாராவாரம் பத்தாயிரத்து ஐந்நூறு மிகச் சரியாக வந்தது. (நான் கூட்டிப் பார்த்தேன் காக்கா, ஒரு வாரம் பத்தாயிரத்து ஐந்நூற்று இரண்டு. அந்த இரண்டு கலோரிக்காக வாப்பா பேரீச்சம்பழத்தைப் பாதி கடித்துவிட்டு மீதியை என்னிடம் கொடுத்தார்.) உனக்கும் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை நாலு பேர் ஒரே தாம்பாளத்தில் மந்திச் சோறு சாப்பிடுகிற போட்டோ அனுப்பியிருந்தாயே, சர்க்கரைக்காரனுக்குப் பொதுத்தட்டு ஆகாது, கூச்சப்படாமல் உன் பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துக்கொள், எவ்வளவு தின்றோம் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

உன் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிய வேண்டியவன் நான், மெலிகிறவள் அவள். உப்பு கூடாது, பழம் கூடாது, மலை மாதிரி காய் குவிந்து கிடக்கிற வீட்டில் அவளுக்கு இளநீர் விஷம். அவளுக்குச் சாப்பாட்டில் ஒரே ஒரு ருசிதான் மிச்சம், திங்கட்கிழமை காலையில் டயாலிசிஸுக்குக் கிளம்பும் முன்னால் நான் தராசில் ஏறுவதைப் பார்ப்பது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு என்பாள். குறைந்திருந்தால் இரண்டு இட்லி சாப்பிடுவாள். குறையவில்லை என்றால் வாய் கசக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். போன திங்கட்கிழமை எண்பத்து நாலு என்றேன், இன்னும் ரெண்டுதான் பாக்கி, பக்ரீத் மாடு மாதிரி நீங்களும் ரெடியாயிட்டீங்க என்று சிரித்தாள். இரண்டு இட்லிக்கு மேலே பாதியும் போயிற்று.

(காக்கா, பள்ளியில் அஸர் பாங்கு சொன்னதும் வாப்பா தொழுகைக்கு ஒளூ செய்யப் போயிருக்கிறார், அதற்குள் சொல்லிவிடுகிறேன். தராசுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. பெருநாளைக்கு வந்த நுஸைபா ராத்தாவை அழவைக்க அதைத் திருப்பித்தான் நாலு கிலோ ஏற்றிக் காட்டினேன், அது விளையாட்டு. ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை வாப்பா ஏறினார், ஒரு வாரம் கஞ்சி குடித்தும் முள் ஏறியிருந்தது, உம்மா தட்டைத் தொடவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சக்கரத்தை மறுபக்கம் திருப்பினேன். ஒரு தடவைதான் என்று நினைத்தேன். ஆனால் அதற்கு அடுத்த வாரமும் குறைந்தால்தானே உம்மா சாப்பிடுவார்கள். இப்போது ஐந்து கிலோ. வாப்பா ஏமாந்துபோய்த்தான் குறைகிறது குறைகிறது என்று கல்யாணத்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமை தஞ்சாவூரில் எடை போட்டிருப்பார்கள். வந்ததிலிருந்து அவர் என்னைத் திட்டவே இல்லை. வருகிறார்.)

தொழுதுவிட்டு வந்தேன், விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். தஹ்மீனா, இனி நடுவில் உன் சேட்டையை நுழைக்காமல் நான் சொல்வதை மட்டும் எழுது. முபாரக், செவ்வாய்க்கிழமை உன் உம்மாவை நுஸைபாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் தஞ்சாவூர் போனேன். என் எடை எண்பத்தொன்பது. அதைப் பார்த்து டாக்டர் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன், அவர் என் எடையைப் பார்க்கவே இல்லை. போன வாரம் உம்மாவுக்கு எடுத்த எக்கோ முடிவை வைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய இதயம் பாதிதான் வேலை செய்கிறது, அந்தப் பாதியும் குறைந்துகொண்டு வருகிறது, மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது, கிட்னி இருந்தும் வைக்க முடியாது என்றார். அப்படியானால் நான் எண்பத்திரண்டுக்கு வந்தால் என்று கேட்டேன். வாங்க, உங்க உடம்புக்கு நல்லதுதானே என்றார். இரண்டு மாதம் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றார், பார்க்கலாம் என்று அவர் சொன்ன விதத்தை நான் உனக்கு எழுத்தில் சொல்ல முடியாது. வெளியே வந்தால் விண்ணரசி நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது, அடுத்த வாரத் தாளை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். உம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. நுஸைபாவுக்குப் பிரசவம் முடியட்டும். உனக்கும் இந்தப் பிள்ளைக்கும் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்தேன், முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் எழுதச் சொல்லிச் சொல்கிறேன். எழுது அம்மா, நிறுத்தாதே.

இன்னொன்று. தராசுச் சக்கரம். முப்பது வருஷம் கொப்பரை எடை போட்டவனை வீட்டுத் தராசு எத்தனை நாள் ஏமாற்றும். ஜூன் மாதமே மண்டித் தராசில் ஏறிப் பார்த்தேன், நம் எடைக்காரர் பஞ்சநதம் தொண்ணூற்றொன்று முதலாளி என்றார், வீட்டில் எண்பத்தொன்பது காட்டியது. குப்புறக் கவிழ்த்துப் பார்த்தேன், சக்கரத்தில் நகப் பூச்சு ஒட்டியிருந்தது. பழைய இடத்துக்கே திருப்பி வைக்கத்தான் கையைக் கொண்டுபோனேன். அன்றைக்குக் காலையில் உன் உம்மா இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தாள். கையை எடுத்துவிட்டேன். அதனால் கல்யாணங்களில் நான் தின்றது தெரிந்தே தின்றது, அந்த ஐந்து கிலோ இறங்காமல் நின்றது சஹனால், சக்கரத்தால் அல்ல. யாராவது இதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு இருந்தால் இறக்கி வைத்துவிட வேண்டும். ஜூனிலேயே நான் எண்பத்திரண்டுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. நீயும் கேட்காதே. இன்றைக்கும் நோன்புதான், ஆனால் இது எடைக்கு இல்லை.

சரி, நேரமாகிறது. மாத்திரையை நேரத்துக்குப் போடு, லீவு கேட்டு அலையாதே, வரச் சொல்கிற நேரம் வந்தால் நானே சொல்வேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உடம்பையும் தரட்டும், உன் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்யட்டும், உன் உம்மாவுக்கு வேதனையையாவது குறைக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் பண்ணு, வாப்பா எடை எவ்வளவு என்று நீயே கேள். எண்பத்து மூன்றரை என்று சொல்வேன். உம்மா காதில் விழுகிற மாதிரி சத்தமாக மாஷா அல்லாஹ் சொல். தஹ்மீனா, ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ திருப்பி வை, அதற்கு மேல் வேண்டாம், உம்மாவுக்குச் சந்தேகம் வரும்.

துஆக்களுடன்,
உன் வாப்பா
மு. அப்துல் அஜீஸ்

(காக்கா, கையெழுத்து மட்டும் வாப்பா இடது கையால் போட்டது. சக்கரம் இன்னும் எவ்வளவு திரும்பும் என்று இப்போது போய்ப் பார்த்தேன். இன்னும் மூன்று கிலோவுக்கு இடம் இருக்கிறது, வாரத்துக்கு அரை என்றால் ஆறு வாரம். அதற்கு மேல் அது திரும்பாது.)