பூசாரி இல்லாத சிவனுக்குச் சொன்ன பேர்

என் அன்பு மச்சானுக்கு,

இப்போது சொல்லப்போகும் கதையை மூவுலகிலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. நமுணுகுலை மலைமேல் ஆணையாகச் சொல்கிறேன்: நான் பொலன்னறுவைக்குப் போய்வந்தேன்.

அக்காவும் வந்தாள். பதுளையில் ஏறிய பஸ் மூன்று யுகம் ஓடியது. ஏறும்போது எனக்கு அறுபத்திரண்டு வயது, இறங்கும்போது முந்நூறு. என் முழங்கால் இன்னும் மஹியங்கனையில் கிடக்கிறது. வழியெல்லாம் பேசக்கூட அலுப்பாக இருந்தது. எனக்கே பேச அலுப்பென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருசத்துக்கு முன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆபரேசனுக்குக் காத்திருந்தபோது என்னைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள்.

"பொலன்னறுவைல பழைய கல்லுக் கோயில் இருக்காம்டா. பூசாரி இல்லாத சிவன். கூட்டம் இல்லாத சாமி, நம்ம பேரு ஞாபகம் இருக்கும். போய் ஒரு தடவ சொல்லிட்டு வா. உங்கக்காவ அனுப்புனா எம் பேரச் சொல்ல மாட்டா."

மூன்றாம் நாள் உங்கள் கட்டிலருகே வந்து நின்றேன். லிங்கம் நமுணுகுலை உயரம், கட்டிப்பிடிக்கப் பதினாறு ஆள் வேண்டும், உங்கள் பேரைக் கேட்டதும் கல் தலையாட்டியது என்றேன். பக்கத்தில் நின்ற அக்காவும் கேட்டாள். நீங்கள் சிரித்தீர்கள்.

"பேரச் சொன்னியா?"

"சொன்னேன் மச்சான்."

நிம்மதியாகக் கண்ணை மூடினீர்கள். மறுநாள் ஆபரேசன். நீங்கள் திரும்பி வரவில்லை.

அந்த மூன்று நாளும் நான் பண்டாரவளையில், கூட்டாளியின் கடையில் கேரம் விளையாடிக்கொண்டிருந்தேன். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே போய்விட்டது.

இப்போது பொலன்னறுவையில் அக்கா அந்த லிங்கத்தை நேரில் பார்த்தாள். என் இடுப்புக்குத்தான் வந்தது. வெளியே தலை போன ஒரு நந்தி. தரைக்கல் வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது.

"இதாடா நமுணுகுல?"

"மழையில கரைஞ்சிருக்கும்க்கா."

அவள் சிரிக்கவில்லை. "நீ எங்க நின்னு அவரு பேரச் சொன்ன? காட்டு. நானும் அங்கயே நின்னு கும்புடுறேன்."

எதைக் காட்டுவேன்? கை போன பக்கம் ஒரு கல்லைக் காட்டினேன். வெறுங்காலோடு போய் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத பேரை, யாருக்கும் கேட்டுவிடுமோ என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னாள்.

"வேலாயுதம்."

பிறகு என்னிடம் கேட்டாள்: "சாமிக்குக் கேட்டிருக்குமாடா?"

நானும் பக்கத்தில் போய் நின்று உங்கள் பேரைச் சொன்னேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. காவல்காரர் விசில் ஊதினார்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் திரும்பி வந்திருப்பீர்களா, மச்சான்?

அன்றைக்கு நான் போகவில்லை என்பதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் நானே அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அதற்குப் பிறகு அவள் எனக்குத் தேத்தண்ணி தருவாளா என்பது அவள் பாடு.

மூன்று யுகம் புளுகு. முந்நூறு வயதும் புளுகு, முழங்கால் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் பேரைச் சொன்னேன் என்றது மட்டும், போன வியாழக்கிழமையிலிருந்து உண்மை.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்,
உங்கள் பிள்ளைகளின் புளுகு மாமா