நான் பிடித்துக் கொடுத்த தண்ணீர்

பிப்ரவரி 9

தையற்கூடத்தில் பிசிறு வெட்டி வெட்டிக் கட்டைவிரல் மரத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் வாசலில் தண்ணீர்ச் சோதனைக்கார அக்கா. தொழிற்சாலைக் கழிவில் இருந்து ஏதோ ஒன்று நிலத்தடி நீரில் கலக்கிறதாம். வாயில் நுழையாத பெயர். "இவ்வளவுதான் இருக்கலாம்னு சட்டத்துல அளவே இல்லம்மா. அதனால யாரும் பாக்கறதில்ல. நாங்களாத்தான் தெருவுக்கு ஒரு வீடுன்னு எடுக்கறோம்" என்றார்.

எங்கள் தெருவுக்கு எங்கள் வீடு. அண்ணி குளித்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிவிட்டேன். நாளைக் காலை குழாயில் வரும் முதல் தண்ணீரை அவர் தந்த பாட்டிலில் குமிழி இல்லாமல் பிடித்து வைக்க வேண்டும்.

பிப்ரவரி 10

குழாயில் வெறும் காற்று. தெருக் கிணற்று மோட்டார் ரிப்பேர். ஏழு மணிக்கெல்லாம் அக்கா வந்துவிட்டார். "வரலக்கா." அவ்வளவுதானே சொல்ல வேண்டும்? வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைக்குமே, அதே அடைப்பு. (ஒன்பதாவதோடு நின்றதும் அதனால்தான்.) தையற்கூடத்துச் சுத்திகரிப்பு மெஷினில் நேற்று பிடித்து வந்த தண்ணீர் இருந்தது. அதை ஊற்றிக் கொடுத்துவிட்டேன்.

"ஒரு குமிழி இல்ல! கெட்டிக்காரிடி நீ."

சந்தோஷமாக வேறு இருந்தது.

மார்ச் 2

முடிவு வந்துவிட்டது. பின்தெருக் கிணற்றில் இருக்கிறது. எங்கள் தெருக் கிணற்றில் இல்லை. லாரி ஏற்பாடாகும்வரை பின்தெருக்காரர்கள் எங்கள் குழாய்களில் பிடித்துக்கொள்ளலாமாம்.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம தண்ணி பத்தரைமாத்துத் தங்கம்டி! இனிமே உங்க அண்ணி வயித்துல இருக்கறவனுக்கு என்ன கவலை?"

"அவன்னு யார் சொன்னா?" என்றார் அண்ணி.

நான் சிரிப்பது போல இருந்தேன்.

மார்ச் 3

காலையிலேயே பதினாறு குடம். எல்லோரும் என்னைப் பார்த்து நன்றாகச் சிரிக்கிறார்கள்.

மார்ச் 4

சொல்லவில்லை.

மார்ச் 19

ஒருவேளை எங்கள் தண்ணீர் நிஜமாகவே நல்லதாக இருக்கலாம் அல்லவா? தினமும் இப்படித்தான் தூங்கப் போகிறேன். அண்ணி எதற்கும் இருக்கட்டும் என்று கொதிக்கவைத்தே குடிக்கிறார். கொதித்தால் இது போகாது, தண்ணீர்தான் சுண்டும் என்று சோதனைக்கார அக்கா ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸில் இருக்கிறது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். என்னைத்தான்.

ஏப்ரல் 12

பின்தெரு அக்கா ஒருத்தர் கைக்குழந்தையோடு வந்தார். குழந்தை வீறிட்டது. எங்கள் அடுப்படியிலேயே உட்கார்ந்து பால்பவுடர் கலக்கினார். "உங்க வீட்டுத் தண்ணிய நம்பித்தாம்மா இவன் வளர்றான்" என்று என்னிடம் சொன்னார். என்னிடம்!

அவர் போனதும் என் வாய் தானாகவே — "அண்ணி, அந்தப் பாட்டில்ல இருந்தது நம்ம தண்ணி இல்ல."

"என்னடி உளர்ற?"

எல்லாம் சொன்னேன். அண்ணி வயிற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். போனை எடுத்து சோதனைக்கார அக்காவின் எண்ணைப் போட்டு என் காதில் வைத்தார். "நீயே சொல்லு."

சொன்னேன். என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் — ஞாபகம் இல்லை. பிறகு அண்ணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்தெருவுக்கு ஓடினார். பிள்ளைத்தாச்சி, வெயிலில்.

ஏப்ரல் 14

சோதனைக்கார அக்கா புதுப் பாட்டிலோடு வந்தார். திட்டவில்லை. "இந்தத் தடவை நானே பிடிச்சுக்கறேன்மா" என்றார்.

ஏப்ரல் 27

அண்ணி இப்போதெல்லாம் என்னிடம் தண்ணீர் கேட்பதில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து போகிறார்.

மே 6

எங்கள் கிணற்றில் பின்தெருவைவிட அதிகமாம். அண்ணன் சாப்பிடாமல் கை கழுவினான். என்னைப் பார்க்கவில்லை. தொழிற்சாலைமேல் வழக்குப் போட முடியுமா என்று யாரோ கேட்டதற்கு, சட்டத்தில் அளவு இருந்தால்தானே மீறினார்கள் என்று சொல்ல முடியும் என்றார்களாம். ஆக, குற்றம் சொல்ல ஆள் நான் ஒருத்திதான்.

மே 9

இன்று இரண்டு தெருவுக்கும் சேர்த்து லாரி வந்தது. வரிசையில் எனக்கு முன்னால் அந்தப் பின்தெரு அக்கா, இடுப்பில் குழந்தை. "எத்தனை நாள் இவனுக்கு அந்தத் தண்ணியக் குடுத்தேன்னே தெரியலையே" என்று யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தோரு நாள்க்கா."

சத்தமாகத்தான் சொன்னேன். வரிசை முழுக்கத் திரும்பியது. அக்கா என்னையே பார்த்தார். பிறகு குழந்தையை அந்தப் பக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். நான் தலை குனியவில்லை. வரிசை நகர்ந்தபோது குடத்தைத் தூக்கிக்கொண்டு நானும் நகர்ந்தேன்.