நாலரை அடிக் கூரை

கோபம் வந்தாலும் அன்பு குறையாத என் அத்தாவுக்கு,

உங்கள் டெம்போ மூன்று வாரமாக மூலக்குளம் பட்டறையில் நிற்கிறது. தேர், சந்தனக்கூடு என்று ஊர் ஊராக நீங்களும் அம்மாவும் வளையல் விற்கப் போன அதே வண்டிதான். கடற்கரைச் சாலையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வேனின் கூரையைத் தூக்கி நிறுத்தி அறையாக்கியதைப் பார்த்துவிட்டு வந்து, நம் டெம்போவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று காக்கித் தாளில் படம் போட்டீர்களே, அதைத்தான் கட்டுகிறோம். கட்டுகிறோமா, மல்லுக்கட்டுகிறோமா என்று எனக்கே தெரியவில்லை.

தாளில் எல்லாவற்றையும் எழுதிவைத்து உயிரை வாங்குகிறீர்கள். வளையலுக்கு அலமாரி, ஸ்டவ் வைக்க மடக்குப் பலகை, ரெண்டு ஜன்னல், தகரக் கூரை! இத்தனையும் ஏற்றினால் வண்டி நகருமா? பட்டறை மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "தகரம் போட்டா கூரையைத் தூக்க நாலு ஆளு வேணும். கித்தான் துணி போட்டுக்கங்கம்மா, ஒருத்தரே தூக்கிடலாம்." உங்களுக்குப் பிறகு வண்டி ஓட்டப்போகிற தம்பி காதில் வாங்கினால்தானே? "அத்தா எழுதினத மாத்த உடமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். உங்கள் பிள்ளைதானே.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "நின்னு தொழ எடம் இருந்தா போதும்." திருவிழாக் கூட்டத்தில், டெம்போவின் தார்ப்பாய்க்கு அடியில், இத்தனை வருடமும் உட்கார்ந்தேதான் தொழுதிருக்கிறாள்.

போன வாரம் சட்டத்தை மாட்டி, கூரையைத் தூக்கி, அம்மாவை ஏறச் சொன்னோம். நிமிர்ந்தாள். கட்டை மண்டையில் இடித்தது. "பரவால்லடி, குனிஞ்சே பழகிடுச்சு" என்றாள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. தம்பி கையிலிருந்து தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஓரத்தில் உங்கள் கையெழுத்து: 'அவ உயரம் நாலரை அடி.'

அம்மா ஐந்தேகால் அடி, அத்தா! எப்போது அளந்தீர்கள்?

"வண்டியிலதான். தார்ப்பாய்க்குக் கீழ நின்னுட்டு இருந்தேன், அங்கியே டேப்பு புடிச்சாரு" என்கிறாள். குனிந்து நின்றவளை அப்படியே அளந்திருக்கிறீர்கள். நிமிரச் சொல்ல உங்களுக்குத் தோன்றவே இல்லையா? வீட்டில் உங்கள் கண்முன்னே நிமிர்ந்துதானே நடந்தாள்? "நீயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று அவளிடமும் கத்தினேன். அவள் தலையைத் தடவிக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள்.

தம்பி தாளை வாங்கி அந்த வரியைப் படித்தான். பிறகு அவனே மேஸ்திரியிடம், "அலமாரியும் வேணாம், தகரமும் வேணாம். கித்தான ஒசத்தித் தைங்க" என்றான்.

நேற்று அம்மா மறுபடி ஏறினாள். நன்றாக நிமிர்ந்து, இரண்டு கைகளையும் காதுவரை உயர்த்தித் தொழுகைக்கு நிற்பதுபோல் நின்று பார்த்தாள். எதுவும் இடிக்கவில்லை. இறங்கி வந்து என்ன கேட்டாள் தெரியுமா?

"இதுல அவரு நின்னிருந்தாலும் இடிச்சிருக்காது இல்ல?"

நாள் கணக்காகச் சேர்த்துவைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்ட?

உங்கள் தாளைக் கிழிக்கவில்லை. நாலரையை மட்டும் அடித்துவிட்டு ஐந்தேகால் என்று எழுதியிருக்கிறேன். இனி எந்த ஊர்த் திருவிழாவிலும் அம்மா குனிய மாட்டாள். அதற்கு நான் பொறுப்பு.

அம்மாவின் உயரமே உள்ள,
உங்கள் மூத்த மகள்