வால்டர் வீட்டு வாசலில் நான் சொன்னது

அக்கா,

நேற்று பிக்கரிங்கில் மகள் வீட்டில் உருளைக்கிழங்கு பொரித்து, அதன்மேல் வினாகிரி தெளித்தார்கள். அந்தப் புளித்த மணம் மூக்கில் ஏறியதும் என்னால் மேசையில் இருக்க முடியவில்லை. எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். நாம் இருவரும் வேலை செய்த, சந்தியில் இருந்த பப் மதுக்கடையின் சமையலறை அப்படியே கண்முன் வந்து நின்றது. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நகரத்துச் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், ஒரே மாடியில் அயலவர்களாக இருந்தோம். காலையில் பப் முதலாளியின் வான் வந்து ஏற்றிப்போகும். நகரம் முடிந்து சோள வயல்கள் தொடங்கி, இரண்டு ரோட்டுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அது நின்றது. குதிரைவண்டிக் காலத்தில் பயணிகள் தங்கிப்போன விடுதியாம். சுற்றிவரத் தேவாலயம், கொல்லன் பட்டறை, தபால் கந்தோர், பள்ளிக்கூடம் என்று ஓர் ஊரே இருந்ததாம். விமான நிலையம் கட்டவென்று அரசாங்கம் காணிகளை எடுத்தது. விமான நிலையம் வரவேயில்லை. ஆட்கள் போனது போனதுதான். நாம் போனபோது பப்பும், பலகை அடித்து மூடிய சில வீடுகளும்தான் மிச்சம்.

இதையெல்லாம் சொன்னவர் அந்த ஊர்க் கிழவர் வால்டர். மத்தியானத்தில் யன்னலோரம் ஒரு பியரோடு இருந்து, எதிரேயிருந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பிறந்து வளர்ந்த வீடு. தாயும் தகப்பனும் தமையனும் செத்துப்போன வீடு. அவர் சொல்வதை நான்தான் உங்களுக்குத் தமிழில் சொல்வேன். விமான நிலையம் என்றதும் கையில் இருந்த கத்தியை வைத்துவிட்டீர்கள். உங்கள் வீடும் ஊரில் இராணுவ விமானத் தளத்தை ஒட்டித்தானே இருந்தது.

ஒருநாள் அவர் முன்னால் போய் நின்று, நீங்கள் சொல்வதை அவருக்குச் சொல்லும்படி என்னைக் கேட்டீர்கள்.

"ஆமி வர எல்லாரும் ஓடினம். அப்பாவாலை நடக்கேலாது. பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். பிறகு எங்களை உள்ளுக்கு விடேல்லை."

உங்கள் அப்பா காய்ச்சலில் செத்தார் என்றுதான் எங்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தீர்கள். நான் மொழிபெயர்த்து முடித்தேன். வால்டர் எழுந்தார். பக்கத்துக் கதிரையை இழுத்து உங்களை இருத்தினார்.

அதற்குப் பிறகு நீங்களும் அந்த வீட்டைப் பார்க்கத் தொடங்கினீர்கள். மேல் யன்னலில் ஆரோ நிற்கினம் என்பீர்கள். நான் பார்த்தால் பலகைதான் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மேசை துடைக்க எனக்கும் பயமாகிவிட்டது.

இலையுதிர் காலத்தில் வீட்டை இடிக்க இயந்திரம் வந்தது. வால்டர் வேலைக்காரரிடம் கொஞ்ச நேரம் கேட்டு உள்ளே போனார். நாம் ஏப்ரனைக் கழற்றாமலே ஓடிப்போய் வாசலில் நின்றோம். அவர் அறை அறையாக நடப்பது கேட்டது. ஒவ்வொரு கதவாகத் திறந்தார். வெளியே வந்து, உங்கள் முகத்தைப் பார்த்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று என் கையைப் பிடித்தீர்கள்.

"உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையாம் அக்கா. எல்லா அறையும் பாத்தவராம்."

புல்லில் குந்தியிருந்து அழுதீர்கள். அதற்கு முன் நீங்கள் அழுது நான் கண்டதில்லை. அந்தக் கிழமை முடியுமுன்னரே முதல்முறையாக அப்பாவின் படத்துக்கு மாலை போட்டீர்கள், திவசம் கொடுத்தீர்கள்.

வால்டரும் போனார், பப்பும் பூட்டப்பட்டது. பல வருடம் கழித்து உங்கள் ஊர்க் காணியை இராணுவம் திருப்பிக் கொடுத்தது என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்ப்போமா என்று கேட்டேன். "ஆரும் இல்லாத வீட்டுக்கு ஏன் போகவேணும்?" என்றீர்கள்.

வால்டர் சொன்னது வேறு, அக்கா. "எல்லோரும் உள்ளேதான் இருக்கிறார்கள். ஒருவரும் போகவில்லை." அதுதான் அவர் சொன்னது.

உங்களுக்கு ஆறுதல் கொடுத்தேனா, அப்பாவிடம் போகும் வழியை அடைத்தேனா, எனக்குத் தெரியவில்லை. கடைசியில் உங்கள் முகம் அமைதியாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சவப்பெட்டிக்குக் கிட்ட வந்து பார்க்கவில்லை.