தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய வெங்காயம்

தெபாத்தித்லான்,
தவக்காலம் நான்காம் ஞாயிறு

மகன் ரமிரோவுக்கு உன் அப்பா எழுதுவது.

நீ செய்தது தவறு. அதை எழுதிவிட்டுத்தான் மற்றது. உன் வீட்டிலிருந்து போனில் வந்த ஒரு பேச்சினால் உன் அம்மா இந்தத் தவக்காலத்தில் ரொட்டியைப் பாகில் ஊறவைக்கிற கபிரோத்தாதா செய்யமாட்டேன் என்று பெரிய மண்சட்டியைக் கழுவி மொட்டைமாடியில் கவிழ்த்துவிட்டாள். பெரிய வெள்ளியன்று ஆண்டவரைக் கிடத்திய தூம்பாவைத் தோளில் சுமக்கிறவர்களுக்கு உன் பேரில் அவள் நேர்ந்துகொண்ட சாப்பாடு இந்த வருடம் நின்றுபோகிற நிலைமைக்கு வந்திருக்கிறது. இனி நலம். நானும் உன் அம்மாவும் ஆண்டவர் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அவளுடைய முழங்கால் பழையபடிதான், என் இடது காது போன மாதத்தைவிட மோசம், ஆனால் கேட்கவேண்டியது எல்லாம் கேட்கத்தான் செய்கிறது. நீயும் மருமகள் நெரேய்தாவும் குழந்தையும் சிக்காகோப் பனியில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன், கோபம் வேறு, இது வேறு. இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போன் இருக்கிற இடம் உனக்குத் தெரியும், அடுப்படிக் கதவுக்கும் அவள் நாற்காலிக்கும் நடுவில். தவிரவும் போனில் நீ சரிப்பா சரிப்பா என்பாய், வைத்ததும் மறந்துவிடுவாய். உன் ஞானத்தகப்பன் எவரிஸ்தோவின் மருமகன் வியாழக்கிழமை வடக்கே வருகிறான், கடிதத்தை உன் கையில் கொடுத்து நீ படித்து முடிக்கும்வரை நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவனுக்குக் காப்பி கொடு.

என்ன நடந்தது என்று தெரியாது என்று மட்டும் சொல்லாதே. காணிக்கைத் திருநாளன்று நாங்கள் இங்கே சோள மாவுத் தமாலே தின்று முடித்த கையோடு உன் அம்மா உனக்குப் போன் போட்டாள், நெரேய்தா எடுத்தாள். தவக்காலம் வருகிறது, நம் வீட்டுக் கபிரோத்தாதா செய்கிற விதம் சொல்கிறேன், பாகில் தக்காளியும் வெங்காயமும் எப்போது போடுவது என்று கேட்டுக்கொள் என்று இவள் ஆரம்பித்தாள். அதற்கு அந்தப் பெண், "அத்தை, நீங்க சிரமப்படாதீங்க. மொத வருஷம் உங்க மாதிரிதான் செஞ்சேன், இவரு வெங்காயத்த எல்லாம் பொறுக்கித் தட்டு ஓரத்துல வச்சிட்டாரு. சின்ன வயசுலேருந்தே அப்படித்தானாமே, நீங்க அந்தப் பக்கம் திரும்பினா நாய்க்குப் போட்டுடுவாராமே. இப்ப எங்க ஊர் மாதிரி பால் ஊத்திச் செய்றேன், ரெண்டு தட்டு சாப்பிடறாரு" என்றிருக்கிறாள். போனை நானும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து நீ சிரித்தாய். நெரேய்தா மேல் எனக்கு வருத்தம் இல்லை, சினலோவாக்காரி, நெஞ்சில் இருப்பது வாயில் வந்துவிடும், நேர்ச்சை என்று ஒன்று இருப்பதை நீ அவளிடம் சொல்லியிருக்கவும் மாட்டாய். சிரித்தது நீ. உன் அம்மா போனை வைத்தாள். தமாலே உரித்த சோள மடல்களை எல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு வந்து, "அவன் உசுருக்கு வேண்டிக்கிட்டுக் கிண்டற பண்டத்த அவன் அப்பவே நாய்க்குப் போட்டிருக்கான்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் அவள் வாயே திறக்கவில்லை, அது திட்டுவதைவிடக் கஷ்டம், திட்டினால் நான் பதில் சொல்லுவேன்.

நீ எல்லைப் பாலைவனத்தைத் தாண்டிய வருடம் உனக்கு ஞாபகம் இருக்கும், எங்களுக்கு எப்படிப் போனது என்பது உனக்குத் தெரியாது. உன்னோடு புறப்பட்டவர்களின் வீட்டுக்கெல்லாம் செய்தி வந்தது, நம் வீட்டுக்கு வரவில்லை. உன் அம்மா கோயிலில் ஆண்டவரின் சுரூபம் கிடத்திய தூம்பாவுக்கு முன்னால் முழங்கால் போட்டு, பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று ஒரு வார்த்தை வந்தால் பெரிய வெள்ளிதோறும் இதைச் சுமக்கிறவர்களுக்கு என் கையால் கபிரோத்தாதா என்று நேர்ந்தாள். வார்த்தை வந்தது. அன்றிலிருந்து அந்த நோன்பு நாளில் அவர்கள் சாப்பிடுகிற ஒருவேளை நம் வீட்டில்தான். அந்த முழங்கால் வலிகூட அப்போது வந்ததுதான் என்று நான் நினைக்கிறேன், டாக்டர் வேறு ஏதோ சொல்கிறார்.

சாம்பல் புதன் போனது, முதல் வெள்ளி வந்தது, பருப்பும் கள்ளிமடல் பொரியலும் வைத்தாள், கபிரோத்தாதா இல்லை. கேட்டேன். "யாருக்கு?" என்றாள். சரி, நீ செய்யாவிட்டால் நான் செய்கிறேன் என்றேன். லாரி என்ஜினைக் கழற்றிப் பூட்ட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எழுதப் படிக்கவும் சாமான் மடித்த பழைய பேப்பரைப் பார்த்து நானே கற்றேன், ரொட்டியும் பாகும் என்ன பெரிய விஷயம். ஆண்டவருக்குச் செய்வது நல்லதாக இருக்கட்டும் என்று இரண்டாம் வெள்ளி காலையில் பேக்கரி அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியாக வாங்கி வந்தேன். வெல்லத்தைப் பட்டை கிராம்போடு காய்ச்சினேன், தக்காளி வெங்காயம் போட்டேன், பாகு நன்றாக வந்தது, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். சின்னச் சட்டியின் அடியில் சோள ரொட்டியைப் பரப்பி, அதன்மேல் இந்த ரொட்டி, கடலை, திராட்சை, சீஸ், பாகு, மறுபடி ரொட்டி என்று அடுக்கினேன். உன் அம்மா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தாள். மூடியைத் திறந்தால் கூழ். புது ரொட்டி பாகைக் குடித்துவிட்டுக் கரைந்துபோகும், காய்ந்த ரொட்டியைத்தான் போடவேண்டும் என்பது உலகத்துக்கே தெரியுமாம். முதலிலேயே சொல்லக்கூடாதா என்றேன். "நீங்க கேக்கலையே" என்றாள். அப்புறம் எட்டிப் பார்த்து, "கொத்தனாரக் கூப்பிடவா, பின்பக்கச் சுவரு பூசாமக் கெடக்கு" என்றாள்.

மூன்றாம் வெள்ளிக்கு ரொட்டியை நறுக்கி மாடியில் இரண்டு வெயில் காயவைத்தேன், கல் மாதிரி ஆனது. அதை மொறுமொறு என்று பொரித்து அடுக்கிப் பாகும் ஊற்றிவிட்டேன், வாசனை தெருவுக்கே போயிருக்கும். உன் அம்மா ஜெபக்கூட்டத்திலிருந்து திரும்பி வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள். "எதுல பொரிச்சீங்க?" எண்ணெயில். "எந்த டப்பா?" அந்த நீல டப்பா. அவள் போய் டப்பாவைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பன்றிக் கொழுப்பு. "தவக்கால வெள்ளிக்கிழமை, ஆண்டவர் பாடுபட்டத நெனச்சுச் செய்ற பண்டத்துல பன்னிக் கொழுப்பு. மேல ரெண்டு துண்டு கறியும் வச்சிருக்கலாமே, குறை என்னத்துக்கு" என்றாள். அந்த டப்பாவின் மேல் எண்ணெய் என்றுதான் போட்டிருக்கிறது, இப்போதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தே எழுதுகிறேன். எண்ணெய் டப்பாவில் கொழுப்பைப் போட்டு வைத்தது யார், எழுதியிருப்பதை நம்பியது என் குற்றமா. அந்தச் சட்டி அன்று முழுவதும் வாசலுக்கு வெளியேதான் இருந்தது, உள்ளே விடவில்லை. ஆண்டவரின் உடல் என்று வைத்துச் செய்கிற ரொட்டி, கொட்டவும் கூடாது, நாய்க்குப் போடவும் கூடாது, அதை நீ கவனி. ஆகையால் சனிக்கிழமை தொடங்கி வியாழன்வரை நானே தின்று தீர்த்தேன். நன்றாகவே இருந்தது. வெங்காயம் இருக்கிறதே தெரியாது, பாகுக்குள் கரைந்து ஒரு ஆழம் கொடுக்கும், அது இல்லாத பாகு வெறும் தித்திப்பு. நீ எதைப் பொறுக்கினாய் என்று எனக்குப் புரியவில்லை.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்திருந்தால் உனக்கு எழுதியிருக்கமாட்டேன். நேற்று முன்தினம் எவரிஸ்தோ வந்தார். தூம்பா சபைக்கு இந்த வருடமும் அவர்தான் தலைவர். உன் ஞானத்தகப்பன் என்ற முறையில் என்னைக் கும்பாதிரி என்றுதான் கூப்பிடுவார், தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "கும்பாதிரி, கேக்கவே சங்கடமா இருக்கு. தங்கச்சி ஓத்திலியா இந்த வருஷம் செய்யலன்னு தெருவுல பேச்சு. நம்ம தெரு எர்மெலிந்தா எனக்கு ரெண்டு தடவ ஆள் அனுப்பிட்டா, நான் போடறேன் சாப்பாடுன்னு" என்றார். எர்மெலிந்தா செய்கிற கபிரோத்தாதாவை நீ பார்த்ததில்லை, பால், வாழைப்பழம், மேலே கலர் கலராகச் சர்க்கரை மணி, கல்யாணக் கேக் மாதிரி இருக்கும், துக்க நாளில் அதை எப்படி வாயில் வைப்பது. ஒருமுறை ஒரு வீட்டை விட்டுப் போன சாப்பாடு அந்த வீட்டுக்குத் திரும்பாது என்பது உனக்கும் தெரியும், முனைவீட்டுக்காரர்கள் ஒரு வருடம் கொடுக்காமல் விட்டார்கள், இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் செய்கிறேன் என்று வாயெடுத்தேன். எவரிஸ்தோ, "அந்தக் கொழுப்புச் சமாச்சாரம் சபைக்காரங்க காதுக்கும் வந்திருச்சு கும்பாதிரி" என்றார். யார் சொன்னது என்று எனக்குத் தெரியும், அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

அப்போது உன் அம்மா அடுப்படியிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "எர்மெலிந்தாவுக்கே குடுங்கண்ணே" என்றாள். நான் சும்மா இரு என்றேன். "நீங்க இருங்க. நான் நேர்ந்தது என்னன்னு இவருக்குக்கூடத் தெரியாது. அவன் உசுரோட இருந்தா, அவனே வந்து தூம்பாவுக்குத் தோள் குடுக்கிற வரைக்கும் நான் சாப்பாடு போடறேன்னுதான் நேர்ந்தேன். அதுவரைக்கும்னு சொன்னேன். இப்ப அவன் வரப்போறதில்ல. அப்ப எதுவரைக்கும்ணே நான் கிண்டிக்கிட்டே இருக்கிறது?" என்றாள். இத்தனை வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்து அந்தப் பாதியை அவள் என்னிடம் சொன்னதில்லை. கேட்காத காது என்று என் காதைச் சொல்வாள். எவரிஸ்தோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "குருத்து ஞாயிறு வரைக்கும் நான் யாருக்கும் பதில் சொல்லல தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் உட்கார்ந்து யோசித்தேன், என்ஜினில் எங்கே ஓட்டை என்று தேடுவதுபோல. அங்கே தங்க அனுமதிக் காகிதம் இல்லாதவரை நீ வரமுடியாது என்று அவளுக்குத் தெரியும், கேட்கவில்லை. போன வருடம் காகிதம் வந்தது, இனித் தடையில்லாமல் போகலாம் வரலாம் என்று நீயே கத்திச் சொன்னாய். கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று காத்திருந்தாள், வேலை என்றாய். காணிக்கைத் திருநாளன்று அவள் போன் போட்டது பாகு காய்ச்சச் சொல்லித்தர இல்லை, மகனே. பெரிய வெள்ளிக்கு வருகிறாயா என்று கேட்கப் போட்டாள், நேரே கேட்கத் தெரியாமல் வெங்காயத்திலிருந்து ஆரம்பித்தாள். நீ சிரித்தாய்.

இப்போது அவசரப்பட்டுப் போனை எடுத்து அம்மா எனக்கு வெங்காயம் ரொம்பப் பிடிக்கும் என்று புளுகாதே, அவளுக்குத் தெரிந்துவிடும். பூ அனுப்பாதே. அந்தப் பேசுகிற வாழ்த்து அட்டையும் வேண்டாம், போன தடவை வந்தது இன்னும் அலமாரிக்குள் தானாகப் பாடுகிறது. உன் வண்டிக்கு என்ஜின் ஆயில் மாற்றினாயா, குளிரில் அதை மாற்றாமல் ஓட்டாதே. குழந்தையிடம் நம் பாஷையில் பேசு, போனில் அவள் என்னிடம் சொன்னது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை, அதற்குக் காரணம் என் காது இல்லை. ஆண்டவர் உன்னையும் மருமகளையும் பேத்தியையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், கன்னிமாதா உங்கள் கூரைமேல் நிற்கட்டும், இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான்.

இனிச் செய்யவேண்டியதைக் கேள். நீ: நாளைக்கே உன் மேஸ்திரியிடம் லீவு சொல்லு, கேட்காதே, சொல்லு. குருத்து ஞாயிற்றுக்கு முன்னால் மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து நில். வருகிறேன் என்று போனில் சொல்லவேண்டாம், சொல்லி வராமல் இருந்ததெல்லாம் போதும். தோளுக்கு மடித்து வைத்துக்கொள்ள ஒரு கனத்த துணி கொண்டுவா, தூம்பாவின் கட்டை உராயும். நெரேய்தா: மன்னிப்பு எதுவும் கேட்கவேண்டாம், அவள் ஒன்றும் செய்யவில்லை. தன் பால் பண்டத்தை வேண்டுமானால் நம் அடுப்பில் தனிச் சட்டியில் செய்துகொள்ளட்டும், நானே ஒரு வாய் தின்று பார்த்துச் சொல்கிறேன், ஆனால் பெரிய சட்டிக்கு வெங்காயம் நறுக்குவது அவள்தான். எவரிஸ்தோ: முன்பக்க இடது கட்டையை யாருக்கும் கொடுக்காமல் உனக்கு வைத்திருக்கவேண்டும், அங்கே சுமந்தவருக்கு இடுப்பு போய்விட்டது, இதை அவரிடம் நான் பேசியாயிற்று. எர்மெலிந்தா: தன் கலர் மணிகளோடு தன் வீட்டில் இருக்கவேண்டும். நான்: ரொட்டி வாங்கி நறுக்கிக் காயவைப்பேன், கடையிலிருந்து மூடி திறக்காத எண்ணெய் வாங்குவேன், மாடியிலிருந்து சட்டியை இறக்குவேன், அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிடுவேன். உன் அம்மா: பெரிய வெள்ளி சாயங்காலம் தூம்பா நம் தெருவுக்குள் வரும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முன்னால் இடதுபக்கம் வருவது யார் என்று பார்க்கவேண்டும்.

உன் அப்பா,
கிரெசென்சியோ