ராணியின் தலையை நீங்கதான் பிடிக்கணும்

ஏங்க,

இடுப்பு விட்டுப்போச்சு. விடிகாலையில நான் ஒருத்தியே ராணியைத் தூக்கிட்டுப் போய் வாசல்ல ஒண்ணுக்கு விட்டேன். சிமெண்ட் மூட்டை தூக்கி வளர்ந்த உடம்புதான் இது. ஆனா மூட்டை நம்ம முகத்தைப் பார்க்காது, நாய் பார்க்குது.

நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்ததும் தூங்கிடாதீங்க. பதினோரு மணிக்கு அல்வால்ல இருந்து நாய் டாக்டர் மேடம் அக்குபங்சர் ஊசி குத்த வருவாங்க. அதுக்கு முன்னாடி ராணிக்குச் சோறு நக்கோ, வேண்டவே வேண்டாம், கொஞ்சம் தயிர் போதும். தலையை நீங்க மடியில வச்சுக்கணும், நான் பிடிச்சா உறுமுது. எல்லாம் முடிஞ்சதும் பாயை உதறுங்க. போன வாரம் விட்டுப்போன ஊசி ஒண்ணு என் குதிகால்ல ஏறுச்சு.

முதுகுல குத்தினா செத்த கால் எழும்புமான்னு நான் கேட்டது கேட்டதுதான். இப்பவும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனா நேத்து நீங்க போனப்புறம் அதோட தட்டைக் கழுவினேன், சத்தம் கேட்டு வால் அசைஞ்சுது. என் கண்ணால பார்த்தேன். அதனால, ஒரே ஊசியில தூங்க வச்சிடலாம்னு நான் சொன்னதை மேடம்கிட்ட சொல்லிடாதீங்க.

ரசம் அடுப்பு மேல இருக்கு. சைட்ல இன்னைக்கு கான்கிரீட், நான் வர லேட்டாகும்.

மார்த்தா

இன்னொண்ணு. "நாளைக்கு நான் இப்படி விழுந்தா என்னையும் அனுப்பிடுவியா"ன்னு கிளம்பையில கேட்டீங்க. நான் காதுல விழாத மாதிரி பாத்திரம் தேய்ச்சேன். அந்தப் பதில் உங்களுக்கு நான் தர வேண்டிய பாக்கி.