இருபத்து நாலு புள்ளி ஈயம்

பட்டு,

இன்றைக்கு ஜாலான் புசார் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் யாருடைய ரேடியோவுக்கோ ஈயம் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். மெல்லிசாகப் புகை எழும்பி என் மூக்குக்கு வந்தது. நீ ஃபேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்ததும் உன் தலைமுடியில் அடிக்குமே, அதே வாசனை. சீயக்காய் போட்டு எவ்வளவு தேய்த்துவிட்டாலும் போகாது. மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆள் எழுந்து ஸ்டூலைத் தள்ளிவிட்டு, "ஆன்ட்டி, டுடுக், டுடுக்" என்று உட்காரச் சொன்னார். மடியில் உன் கேம் பெட்டியோடு உட்கார்ந்தேன்.

அதை நான் கெடுத்துவிட்டேன், பட்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ அதை வாங்கி வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் பிடித்தேன் என்று, செய்தித்தாளில் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டியை மேசையில் வைத்தாய். பிடித்து ஆட்டி விளையாடுகிற குச்சி ஒன்று உடைந்து தொங்கியது. எனக்கு ஆத்திரம் வந்தது.

"இருபத்தாறு வயசுப் பொம்பள, டிவி கேம் விளையாடவா போற? நாலு பேரு கேட்டா என்னடி சொல்ல?"

"என் தங்கச்சிக்கு இன்னும் வளர்ச்சி பத்தலன்னு சொல்லு லா."

அப்புறம் ராத்திரிச் சோறு சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "அக்கா, லைன்ல நாளு பூரா ஒரே எடத்துல ஈயம் வைக்கிறேன். வச்சதும் பக்கத்துப் பொண்ணுகிட்ட தள்ளி விடறேன். அது கடைசியில என்னவா ஆகுதுன்னு எனக்குத் தெரியாது. ஒரு சாமானை முழுசா வேலை செய்ய வச்சுப் பாக்கணும்னு ஆசையா இருக்கு." பள்ளிக்கூடக் கேண்டீனில் தட்டுக் கழுவுகிறவள் நான். எனக்கு அது சரியாகப் புரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தப் பெட்டிக்காக உன்னைத் திட்டவில்லை.

நீ அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாய். பூன் லேயில் நம் வீட்டுச் சன்னல் பக்கம் ஈரக்காற்று வரும் என்று, அதை உள் அறைக்கு மாற்றினாய். ஈரத்தை இழுக்கும் மணிகள் உள்ள குட்டிப் பொட்டலங்களை அதோடு டப்பாவில் போட்டு வைத்தாய். அதில் போடுகிற கேம் கேசட்டின் பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பாய். தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, கேசட் சொருகுகிற வாயைத் துடைப்பாய். நான் குனிந்து ஊதினால் அடிக்க வருவாய். "எச்சி தெறிக்கும்க்கா! துரு பிடிச்சிரும்!" என்பாய். ஒரு தடவை அந்த வாய் ஆட்டம் கண்டு, படம் வருவதும் போவதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அடியில் இருந்த பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாய். இருபத்து நாலு புள்ளி. எண்ணி எண்ணி வைத்தாய். படம் நிலையாக நின்றதும் என்னைக் கூப்பிட்டாய். நீ ஆடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாய். திரையில் ஒரு சின்னக் கட்டம் இங்கும் அங்கும் போய் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். உன் முகத்தைப் பார்த்து நானும் சிரித்தேன்.

ஆயுத பூசைக்கு நம் வீட்டில் எல்லாம் சாமியிடம் வரும். என் அரிவாள்மணை, தையல் மிசின், உன் ஈயம் வைக்கிற கம்பி, அப்புறம் இந்தப் பெட்டி. சிராங்கூன் ரோட்டில் பூவும் சந்தனமும் வாங்கி வந்து நான்தான் பொட்டு வைப்பேன். பெட்டிக்கு வரும்போது நீ ஓடி வந்து, அந்த வாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாய். "மேல வைக்கா, மேல வை. சாமி மேலயே உக்காரட்டும்" என்று சிரிப்பாய். சந்தனம் உன் கையில்தான் சொட்டும். ஒவ்வொரு வருசமும் அப்படித்தான். நீ விளையாட்டுக்குச் செய்கிறாய் என்று நினைத்தேன்.

ரத்தத்தில் வியாதி என்று டாக்டர் சொன்ன பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு நாள் என்னை எழுதச் சொன்னாய். மூணாம் வகுப்புத் தமிழ் எனக்கு. காலண்டர் தாளின் முதுகில் எழுதினேன். வாரம் ஒரு தடவை போட்டுப் பார். சும்மா வைத்தால் வீணாகும். கால் மணி நேரம் போதும். சூடு ஆறாமல் துணி போட்டு மூடாதே. ஒயரை இறுக்கிச் சுற்றாதே. அணைத்துவிட்டுத்தான் கேசட்டை எடு. உனக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். எல்லாம் சொன்னாய், பட்டு. சந்தனத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. உன் கைதான் எப்போதும் இருந்ததே, அது உனக்கே தோன்றியிருக்காது.

நீ போன பிறகு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. எனக்கு ஆடத் தெரியாது. போட்டுவிட்டு எதிரில் உட்காருவேன். அந்தக் கட்டம் போகும், வரும். கால் மணி ஆனதும் அணைப்பேன். உனக்கு ஆஸ்பத்திரியில் நான் செய்ததும் அவ்வளவுதான், எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் இதில் நீ எழுதச் சொன்னபடி செய்தால் ஓடியது. அது எனக்குப் பெரிதாக இருந்தது.

இந்த வருசம் ஆயுத பூசைக்கு உன் பெட்டிக்கு எந்தக் குறையும் வைக்கக்கூடாது என்று நினைத்தேன். நீ இல்லையே என்று கொஞ்சம் கூடுதலாகவே செய்தேன். வாசல்படிக்கு வைப்போமே, அது மாதிரி அந்த வாய்க்கும் சந்தனம் குழைத்து வைத்தேன், குங்குமம் வைத்தேன். தண்ணியாகக் குழைத்துவிட்டேன் போலிருக்கிறது. பூசையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக்கூடாது அல்லவா, அப்படியே இருந்தது. மறுநாள் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, கேசட்டைச் சொருகிப் போட்டேன். திரையில் கோடு கோடாக ஓடியது. ஒரு கருகல் வாசனை. அப்புறம் கறுப்பு. சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டேன். காலண்டர் தாளை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் இதற்கு ஒன்றும் இல்லை.

இன்றைக்குக் கடைக்காரர் அதைத் திருப்புளியால் கழற்றித் திறந்தார். உள்ளே சிவப்பாக ஒட்டியிருந்ததைத் தொட்டு, "இது என்ன ஆன்ட்டி?" என்று மலாயில் கேட்டார். "சாமிக்கு வச்சது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பலகையைத் திருப்பி விளக்கடியில் பிடித்தார். ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார்.

"இந்த ஈயம் கம்பெனி வச்சது இல்ல. யார் வச்சது?"

"ஆடிக் சாயா" என்றேன். என் தங்கச்சி.

"கை ரொம்ப சுத்தம் லா. எங்க வேலை செய்யுது? என்கிட்ட வரச் சொல்லு."

தலையை ஆட்டினேன். வரச் சொல்கிறேன் என்கிற மாதிரி ஆட்டிவிட்டேன்.

அப்புறம் விளக்கமாகச் சொன்னார். வாய் ரோசாக், அடியோடு போய்விட்டது. வேறு ஒரு உடைந்த பெட்டியிலிருந்து எடுத்த வாய் அவரிடம் இருக்கிறது, கடைசியாக ஒன்றே ஒன்று. அதை வைக்க வேண்டுமானால் நீ வைத்த இருபத்து நாலு புள்ளியையும் சூடு காட்டி உருக்கி உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுத்தாலும் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது, உள்ளே வேறு எதுவும் கருகியிருக்கலாம், மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். "புதுசு வாங்கிக்கோ ஆன்ட்டி, இப்ப வர்றதுல படமெல்லாம் அழகு" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை வரைக்கும் அந்த வாயை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்றார்.

மூடாமலேயே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது பையைத் திறந்து திறந்து பார்த்தேன். வரிசையாக மின்னுகிறது, பட்டு. ஒன்று போல ஒன்று. உன் கை இவ்வளவு அழகு என்று நான் பார்த்ததே இல்லை. நீ அதை எனக்கு மேல் பக்கமாகத்தானே காட்டினாய்.

இப்படியே வைத்துக்கொண்டால் உன் கைவேலை இருக்கும், பெட்டி செத்துக் கிடக்கும். கொடுத்தால் பெட்டி ஒருவேளை ஓடும், உன் கைவேலை போய்விடும். ஓடாமலும் போனால் இரண்டும் போய்விடும். உனக்கு முழுசாக வேலை செய்வதைப் பார்க்கத்தானே ஆசை, கொடுத்துவிடு என்றுதான் சொல்வாய் என்று ஒரு மனசு சொல்கிறது. ஏற்கெனவே ஒரு தடவை, உனக்கு நல்லது என்று நினைத்துத்தான் அந்தச் சந்தனத்தை வைத்தேன். இனி என் மனசு சொல்வதை எப்படி நம்புவேன்?

நாளைக்கு மறுநாள் சனிக்கிழமை. கம்பியைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, உருக்கட்டுமா ஆன்ட்டி என்று அவர் கேட்பார். நான் என்னடி சொல்லட்டும்?